சாப்பிடாத பிள்ளை

உங்கள் கூடைக்குள் ரோஸ் நிறத்தில் ஒரு மூடி எட்டிப் பார்க்கிறதே, அது பசி டானிக் ஜூனிபைட்தானே? மறைக்க வேண்டாம். அந்த மூடியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவேன் நான். எங்கள் வீட்டில் பரணில், பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், மாதா படத்துக்குக் கீழே இருக்கிற அலமாரியில், எங்கே கையை விட்டாலும் அந்த மூடிதான் தட்டுப்படும்.

எழுதிக் கொடுத்தது யார்? குணசீலனா? பார்த்தீர்களா, கேட்காமலே தெரியும் எனக்கு. பிள்ளைக்கு மூக்கு ஒழுகினாலும் சரி, முட்டி பெயர்ந்தாலும் சரி, அவர் பேனா முதலில் அந்தப் பெயரைத்தான் எழுதும். பேனாவே அந்தக் கம்பெனி கொடுத்ததுதான். அதற்கு வேறு பெயர் எழுதத் தெரியாது.

உங்கள் பையனுக்குக் காய்ச்சலா? சரி, காய்ச்சல் என்றால் லேபில் ரத்தம் பார்த்துத்தான் ஆக வேண்டும். என் பெண்ணுக்கு ஐந்து டெஸ்ட். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டுமாம். எங்கள் நம்பர் பதினேழு, இப்போதுதான் ஒன்பதைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜெனி, ஆன்ட்டியோட டப்பாவைத் தொடாதே. வா இங்கே. தப்பாக நினைக்காதீர்கள், நான்கு வயதுதான் ஆகிறது. நேற்று இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டது. இட்லி வாசனை வந்ததும் உங்களையே சுற்றிச் சுற்றி வருகிறாள்.

நீங்கள் மண்ணச்சநல்லூர் என்று சொன்னதால் சொல்கிறேன். இந்தத் தில்லைநகர்க்காரி என்றால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இங்கே ஒவ்வொரு கிராஸ் தெருவிலும் பத்து டாக்டர்கள். அத்தனை பேர் வீட்டுக்கும் என் வீட்டுக்காரர் போகிறார். தீபாவளிக்கு ஸ்வீட், கிறிஸ்துமஸுக்குக் கேக், புத்தாண்டுக்கு டைரி. லூர்து என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். மெடிக்கல் ரெப். ஜூனிபைட் அவருடைய கம்பெனி சரக்கு.

நீங்கள் டாக்டர்களை வெளியிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். நான் ரெப்பின் பைக்குள்ளிருந்து பார்த்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கும் டாக்டர் என்றால் ஒரு மரியாதை. கான்வென்ட்டில் படித்த காலத்தில் பரீட்சைக்கு முன்னால் சிஸ்டர்கள் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "டாக்டராகணும்னு ஜெபம் பண்ணுங்க" என்பார்கள். நானும் பண்ணினேன். ஆகாமல் போனது நல்லதுதான். ஆகியிருந்தால் நானும், "என்ன லூர்து, ஏசி ஒழுங்கா கூலிங் ஆகலையேப்பா, உங்க கம்பெனியில சொல்லி ஆள அனுப்பு" என்று போன் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிரிக்காதீர்கள். நிஜமாகவே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது அந்த போன் வந்தது. இவர் பூசையை விட்டுவிட்டு ஏசி மெக்கானிக்கைத் தேடிக்கொண்டு போனார்.

குணசீலன் சிங்கப்பூர் போன கதை தெரியுமா? கம்பெனி செலவில் மாநாடாம். குடும்பத்தோடு மாநாடு. மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார். நான்கு நாளில் மாநாடு எந்த நாளில் நடந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. திரும்பி வந்ததும் அவருக்கு ஒரே ஒரு குறை. "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு லூர்து, காலையில பொங்கல்தான் கிடைக்கல." இவர் அந்தக் குறையையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார், அடுத்த முறைக்கு.

நான் சும்மா பேசுகிறவள் இல்லை. இந்தத் தொழிலில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. இவர் லால்குடிப் பக்கம், தமிழ் மீடியம். டாக்டர் முன்னால் நின்று இங்கிலீஷில் இரண்டு நிமிடம் மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். அதுதான் வேலையே. கம்பெனி ஒன்று எழுதிக் கொடுக்கும், கல்லும் முள்ளுமாக. இவர் அதைச் சொல்லும்போது டாக்டர்கள் செல்போனைப் பார்ப்பார்களாம். ஒருத்தர் கொட்டாவியே விட்டாராம். இரவு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. நான் எட்டாம் வகுப்பிலிருந்து பேச்சுப்போட்டியில் கப் வாங்கியவள். "கொடுங்க இங்கே" என்று வாங்கி, கம்பெனி எழுதியதை அடித்துவிட்டு நானே எழுதினேன். பீரோக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்து ஒரு வாரம் பழக்கினேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் கையை விரிக்க வேண்டும், எல்லாம்.

அதில் ஒரு வாக்கியம் வரும். இங்கிலீஷில் இன்னும் அழகாக இருக்கும். தமிழில் சொன்னால், "இந்த மருந்து பசியைத் திணிப்பதில்லை டாக்டர், தூங்குகிற பசியைத் தட்டி எழுப்புகிறது." எப்படி? அந்த வாக்கியத்துக்கு அப்புறம் ஒருவரும் கொட்டாவி விடவில்லை. மேனேஜரே கூப்பிட்டு, "யாருய்யா எழுதிக் குடுத்தது, மொத்த டீமுக்கும் சொல்லிக் கொடு" என்றார். இன்றைக்கு மதுரை வரைக்கும் அந்த வாக்கியம்தான் ஓடுகிறது. என் பெயரை யாரும் சொல்லவில்லை, அது வேறு.

ஜெனி, அங்கே என்ன பார்வை? அவங்க தம்பிக்கு வச்சிருக்காங்க. ரத்தம் எடுத்ததும் அம்மா பன் வாங்கித் தருவேன். ஜாம் வச்சதுதான், சரி.

எங்கே விட்டேன்? சிங்கப்பூர். அனுப்பிவிட்டு, டாக்டர் மருந்தை எழுதுகிறாரா இல்லையா என்று கம்பெனி பார்க்க வேண்டாமா? பார்க்க ஒரு வழி இருக்கிறது. கிளினிக்குக் கீழே மெடிக்கல் ஷாப் இருக்கும். ரெப்கள் அங்கே நின்று பேச்சுக் கொடுத்து, என்ன சீட்டு வருகிறது, எந்தப் பெயர் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்வார்கள். ஆனால் குணசீலன் கிளினிக்குக் கீழே இருப்பது அவருடைய மச்சான் கடை. அந்த ஆள் வாயே திறக்க மாட்டார். மூன்று மாதம் இவர் டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். டீயைக் குடித்துவிட்டு, "வியாபாரம் பரவாயில்ல தம்பி" என்பாராம். அவ்வளவுதான்.

அப்போதுதான் ஒருநாள் சொன்னார். "அமலி, நாளைக்கு ஜெனியைத் தூக்கிட்டுக் குணசீலன்கிட்ட ஒரு நடை போயிட்டு வந்துடு."

"எதுக்குங்க? நல்லாத்தானே இருக்கா?"

"நல்லா இருக்கட்டும். பசி எடுக்கலைன்னு சொல்லு. என்ன எழுதுறார்னு பார்க்கணும். உன்னை அவருக்குத் தெரியாது. மேனேஜர் என் உயிரை எடுக்கறார்ம்மா."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய்யா? எந்த அம்மாவை வேணா கேளு, எம்புள்ள சாப்பிடவே மாட்டேங்குதுன்னுதான் சொல்லுவா. நீயும் ஒரு அம்மாதானே? சொல்லிட்டு வா."

எல்லா ரெப் வீட்டிலும் நடக்கிறதுதான். மூட்டுவலி மருந்து விற்கிற ஒருத்தர் தன் மாமியாரையே கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் மருந்து எழுதாமல் அந்த அம்மாவைத் தினமும் நடக்கச் சொல்லிவிட்டார். இப்போது மாப்பிள்ளையோடு பேசுவதே இல்லை. அதனால் எனக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. கம்பெனி வேலை. ஆபீஸ் ஃபைலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிற மாதிரி.

அன்றைக்குக் காலையில் இவள் மூன்று இட்லியும் அரை முட்டையும் சாப்பிட்டிருந்தாள். வாயைத் துடைத்து, பவுடர் போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன்.

"என்னம்மா?" என்றார்.

"சாப்பிடவே மாட்டேங்கறா டாக்டர்."

நன்றாகச் சொன்னேன் என்றுதான் சொல்ல வேண்டும். குரலைக் கொஞ்சம் இறக்கி, கடைசியில் ஒரு பெருமூச்சு. பக்கத்தில் நின்ற நர்ஸ் கூட உச்சுக் கொட்டினாள். குணசீலன் பிள்ளையை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கண்ணைப் பார்த்தாரா, நாக்கை நீட்டச் சொன்னாரா, வயிற்றைத் தொட்டாரா? ஒன்றும் இல்லை. படித்த மனுஷன், எதிரே நிற்பது நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளை என்று கூடவா தெரியாது? நர்ஸ் இவளை எடை மெஷினில் ஏற்றினாள். மெஷினில் ரோஸ் ஸ்டிக்கர், ஜூனிபைட் என்று. பிறகு சுவரோரம் நிறுத்தினாள். சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி படம். அதன் கழுத்தில் கோடு கோடாகப் போட்டு, இந்த வயதுக்கு இந்த உயரம், இந்த எடை என்று அச்சடித்திருக்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்த ஒட்டகச்சிவிங்கியை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பீரோவுக்குப் பின்னால் ஐம்பது சுருள் கிடந்தது. ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கினதே நான்தான். ஆனால் அந்த அறையில், அந்த டியூப்லைட் வெளிச்சத்தில், என் பிள்ளை அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது அது எங்கள் வீட்டு ஒட்டகச்சிவிங்கியாகத் தெரியவில்லை.

"வயசுக்கு எடை கொஞ்சம் கம்மிதாம்மா" என்றார். "உயரமும் பார்டர்ல இருக்கு." எழுதினார். முதல் பெயரே ஜூனிபைட். மூன்று மாதம். மணி அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் ஜெயித்துவிட்டு வருகிறவள் மாதிரி இறங்கியிருக்க வேண்டும் இல்லையா? படியிறங்கும்போதே இவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிட்டது. இத்தனை நாள் இதை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? பக்கத்து வீட்டுப் பையனுக்கு இவளைவிட மூன்று மாதம் குறைவு, அவன் கை எவ்வளவு பருமன்! ஆட்டோவில் வரும்போது அந்த மூன்று இட்லியும் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. அதிலும் ஒன்றைப் பிய்த்துப் போட்டாளோ என்று தோன்றியது.

இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சீட்டைப் போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பினார். பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஏங்க, எடை கம்மின்னு சொன்னாரே."

"எல்லாருக்கும் அதான் சொல்லுவார். சாப்பிடு, ஆறுது."

"அப்ப நிஜமாவே கம்மி இல்லையா?"

பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே யோசித்தார். "டாக்டர் சொன்னா இருக்கும்மா."

அன்றிரவே கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். காலையில் ஐந்து மில்லி, மாலையில் ஐந்து மில்லி. ராஸ்பெரி வாசனை. இவளும் சமர்த்தாகக் குடித்தாள்.

சாப்பிட்டாள், இல்லை என்று சொல்லவில்லை. கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். கன்னம் வந்தது, தொப்பை வந்தது. எதிர் வீட்டு அம்மா, "என்ன போடறீங்க, புள்ள புசுபுசுன்னு ஆயிட்டாளே" என்று கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? இரண்டு பாட்டில் சும்மாவே கொடுத்தேன்.

பிறகு ஸ்கூலிலிருந்து சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். நான் படித்த அதே கான்வென்ட். "என்ன அமலி, ராத்திரி பிள்ளையைத் தூங்க விடறதில்லையா நீங்க? காலை ஜெபம் முடியறதுக்குள்ள பெஞ்சில தலையைச் சாய்ச்சுடறா." நான் கப் வாங்கின அதே ஹாலுக்கு வெளியே நிற்க வைத்துக் கேட்டார். டி.வி. அதிகம் பார்க்கிறாள் சிஸ்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம். மதியம் பன்னிரண்டரைக்கு ஸ்கூல் வேன் வரும். வந்தது, மற்ற பிள்ளைகள் இறங்கினார்கள், இவள் இல்லை. "இன்னிக்கு வரலையேம்மா" என்று சொல்லிவிட்டு டிரைவர் போய்விட்டார். ஸ்கூலுக்கு ஓடினேன். ஏற்றி அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். வேன் ஷெட்டுக்கு ஓடினேன். செருப்பு எங்கே போனது என்றுகூடத் தெரியவில்லை. வேன் பூட்டிக் கிடந்தது. பின் சீட்டுக்கு அடியில், பையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஏப்ரல் கடைசி வெயில். கதவைத் திறந்தபோது முகமெல்லாம் சிவந்து, தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், எழவில்லை. கன்னத்தில் அறைந்தேன். இரண்டாவது அறைக்குத்தான் கண்ணைத் திறந்தாள். திறந்து, "அம்மா, ஏன் அடிக்கிற?" என்றாள்.

இடுப்பில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வீடு வரைக்கும் நடந்தேன்.

மறுநாளே குணசீலனிடம் போனேன். "டாக்டர், பிள்ளை எந்நேரமும் தூங்கறா. இந்த மருந்தாலயா?" என்றேன். அவர் சிரித்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பிறகு என்ன சொன்னார் தெரியுமா? இங்கிலீஷில், நிறுத்தி, நிதானமாக: இந்த மருந்து பசியைத் திணிப்பதில்லை அம்மா; தூங்குகிற பசியைத் தட்டி எழுப்புகிறது.

கையை விரித்தார். நான் சொல்லிக் கொடுத்த அதே இடத்தில்.

நான் எழுதியதை எனக்கே ஒப்பிக்கிறார்! அதற்கு ஃபீஸ் வேறு. டாக்டரை அம்மாவாக்கியது தவிர ஒரு வார்த்தை மாற்றவில்லை. எம்.டி. படித்தவர், சுவரெல்லாம் சர்டிபிகேட், சொந்தமாக ஒரு வாக்கியம் இல்லை. அது என் வீட்டுச் சமையலறையில், குக்கர் விசில் அடிக்கும்போது நான் எழுதின வாக்கியம். எனக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்? வழவழவென்று கம்பெனி அட்டை ஒன்று இருக்கும், ரோஸ் கவுன் போட்ட பிள்ளை ஓடுகிற மாதிரி. அதைப் பார்த்து எழுதினேன். உண்மையைச் சொன்னால், அவர் அதைச் சொல்லும்போது ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உச்சரிப்பு இவரைவிட நன்றாக இருந்தது.

கீழே வந்து மச்சான் கடையில் காசு கொடுத்து ஒரு ஜூனிபைட் வாங்கினேன். சிரிப்பாக இருக்கிறதா? வீட்டில் அத்தனை பாட்டில் இருந்தும் வாங்கினேன். எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் டாக்டருக்குக் கொடுக்கிற சாம்பிள். அதில் உள்ளே காகிதம் இருக்காது. கடைப் பாட்டிலில் இருக்கும், எட்டாக மடித்து, எறும்பு வரிசை மாதிரி எழுத்தில். கடை வாசலிலேயே பிரித்துப் படித்தேன். தூக்கம் வரும் என்று போட்டிருந்தது. தொடர்ந்து நாள்கணக்கில் கொடுக்கக் கூடாது என்று போட்டிருந்தது. நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைக்குத் தேவையில்லை என்றும் போட்டிருந்தது. உங்கள் பாட்டிலிலும் இருக்குமே, படிக்கவில்லையா? படியுங்கள். இங்கிலீஷ் தெரியாதா? சரி, நான் சொல்லிவிட்டேன் என்று மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இவர் வந்ததும் காகிதத்தைக் கையில் கொடுத்தேன். "இது உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லா மருந்துலயும் இப்படித்தான் போட்டிருக்கும். கோர்ட், கேஸ்னு வராம இருக்க."

"மூணு மாசம் குடுத்திருக்கேனே?"

"நானா எழுதினேன்? டாக்டர் எழுதினார்."

"அவருக்கு யார் சொன்னது?"

"நான் சொன்னா எழுதிடுவாரா? அவர் யாரு, நான் யாரு! அவருக்குத் தெரியாததா?"

"அவருக்கு நீங்க சொன்னதுதாங்க தெரியும். உங்களுக்கு நான் சொன்னதுதான் தெரியும்."

"அப்ப உன் தப்புன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். எப்படி இருக்கிறது பாருங்கள்! ஒட்டகச்சிவிங்கியைப் பற்றிக் கேட்டேன். "அது பாம்பேல அடிச்சது, கோட்டைக் கொஞ்சம் உசத்தித்தான் அடிப்பாங்க" என்று குளியலறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

அன்றே நிறுத்திவிட்டேன். இவருக்குத் தெரியாது. ஒரு வாரம் சோற்றைத் தொடவே மாட்டேன் என்றாள், உயிரே போய்விட்டது எனக்கு. பிறகு தானாகவே சரியானாள். இப்போது பகலில் தூங்குவதில்லை. ஆனால் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மூளைக்கு ஏதாவது? தினமும் பத்துத் தடவை எழுப்பிப் பார்க்கிறேன். கேட்க வேண்டும் என்றால் யாரிடம் போவது? இந்த ஊரில் இவர் பை நுழையாத கிளினிக் எது?

ஒன்று இருக்கிறது, உறையூரில். டாக்டர் நஸீமா பேகம். வாசலிலேயே போர்டு: மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு அனுமதி இல்லை. ரெப்கள் கூடினால் அந்த அம்மாவை வைத்துத்தான் கேலி. "நம்மள உள்ள விட்டிருந்தா ஒரு நல்ல ஃபேனாவது கிடைச்சிருக்கும்" என்பார்கள். உண்மைதான், ஃபேன் கிர்கிர் என்கிறது. பிளாஸ்டிக் ஸ்டூல். சுவரில் ஒரு படம் கிடையாது. நேற்று முன்தினம் போனேன்.

அவர் நேரம் எடுத்துக்கொண்டுதான் பார்த்தார். கண், நாக்கு, வயிறு, முதுகு எல்லாம். இவளை மடியில் வைத்துக்கொண்டு, "என்னடா தங்கம், என்ன புடிக்கும்?" என்று பேச்சுக் கொடுத்தார். இவள் "இட்லி" என்றாள். கழுதை.

"மருந்தை நிறுத்தினது சரிம்மா. தூக்கம் போயிடுச்சுல்ல? பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இருக்காது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தோடு விட்டாரா? "ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எப்படிச் சாப்பிட்டா? அதுதான் எனக்கு முக்கியம்."

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். எங்கள் கோயிலில் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் கேட்கிற மாதிரி. மூன்று இட்லி, அரை முட்டை என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன? அப்புறம் எதற்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய்? யார் போகச் சொன்னது? உன் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்? அந்த அம்மா சும்மா இருக்கிறவர் இல்லை. டாக்டர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று பெயர் சொல்லிப் பேசுகிறவர் என்று இவரே சொல்லியிருக்கிறார். லூர்து தன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் வேவு பார்க்க அனுப்பினான் என்று தெரிந்தால், நாளைக்கு எந்த கிளினிக் கதவு இவருக்குத் திறக்கும்?

"சாப்பிடவே மாட்டா டாக்டர்" என்றேன். "எவ்வளவு நாளா?" என்றார். "பிறந்ததிலேர்ந்தே" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் முகம் மாறிவிட்டது. "அப்படின்னா லேசா விட முடியாதும்மா. ரத்தம் கம்மியா, தைராய்டா, குடல்ல ஏதாவதா, என்னன்னு பார்த்துடணும்." உட்கார்ந்து வரிசையாக எழுதினார். ஐந்து டெஸ்ட். சின்னப் பிள்ளைக்கு ஐந்து டெஸ்ட்!

இப்போது புரிகிறதா உங்களுக்கு? குணசீலன் மருந்தில் காசு அடிக்கிறார், இந்த அம்மா லேபில் அடிக்கிறார். நான் கேட்டேன், "எந்த லேபுல எடுக்கணும் டாக்டர்?" என்று. "எங்க வேணா எடுங்க, உங்களுக்கு எது பக்கமோ அங்க" என்கிறார். எல்லா லேபிலும் கமிஷன் வாங்குகிறார் என்றுதானே அர்த்தம்? நான் ரெப் வீட்டுக்காரி, என்னிடமா? ஃபேன்கூட ஒழுங்காக ஓடாத அறையில் உட்கார்ந்துகொண்டு நல்லவர் வேஷம். ஒருத்தரும் உருப்படி இல்லை இந்தத் தொழிலில்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?

அந்த டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லலாமே என்கிறீர்களா? சீட்டில் போன் நம்பர் இருக்கிறதுதான். இல்லை என்று சொல்லவில்லை. இப்போதே கூப்பிட்டு என்னவென்று சொல்வது? என் பிள்ளை நன்றாகச் சாப்பிடுவாள், நான்தான் பொய் சொன்னேன், டெஸ்ட் வேண்டாம் என்றா? உங்களுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரர் அரிசி மில்லில் இருக்கிறார். நெல்லுக்கு யாரும் இங்கிலீஷ் பேச வேண்டியதில்லை. தவிர, டெஸ்ட் எடுத்தால் என்ன கெட்டுப்போயிற்று? எடுத்துப் பார்த்தால் எனக்கும் நிம்மதிதானே? ஒருவேளை நிஜமாகவே ஏதாவது இருந்தால்? அதை யார் கண்டது? பார்க்காமல் விட்டுவிட்டு நாளைக்கு நான் அழ முடியுமா?

ஜெனி! ஐயோ, வாயில என்ன? துப்பு. துப்பு சொல்றேன்ல. நீங்களா கொடுத்தீர்கள்? வெறும் வயிறு என்று சொன்னேனே! ஒரு விள்ளல்தானா? பரவாயில்லை, நல்லவேளை, முழுங்கவில்லை. அழாதே கண்ணு. அழுதா நர்ஸ் அக்கா திட்டுவாங்க. ஆமா, பசிக்கும், அம்மாக்குத் தெரியும். கொஞ்ச நேரம்தான்.

பதினேழா? இதோ வந்துட்டோம் சார். ஜெனிட்டா. நாலு வயசு. என்ன தொந்தரவா? சாப்பிட மாட்டேங்கறா சார். ஆமா, ரொம்ப நாளா. இல்ல சார், இப்ப சும்மா அழறா, ஊசியைப் பார்த்து.

ஒரு நிமிடம் வருகிறீர்களா? உங்கள் பையன் இங்கேயே உட்கார்ந்திருக்கட்டும். அந்த டப்பாவை மட்டும் மூடிவிட்டு வாருங்கள், அவள் கண் அதை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது. போன முறை காதுகுத்தும்போதே மூன்று பேர் வேண்டியிருந்தது, தெம்பு அவ்வளவு. நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.